சென்ட்ஓஎஸ் 7-க்குப் பிறகு: காசு கட்டி ஓஎஸ் வாங்குவதா, இலவசத்திலேயே இருப்பதா?

மில்சர்வர்_கோவை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். கோவைக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் ஒன்பது வருடமாக சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். ஆலையில் பதினொரு சர்வர் ஓடுகிறது. ஏழில் ரெட் ஹேட் லினக்ஸின் இலவச நகலான சென்ட்ஓஎஸ் 7, மூன்றில் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2, மிச்சம் ஒன்று பேக்கப்புக்கு. சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-ஓடு அப்டேட் நின்றுவிட்டது. தெரிந்தேதான் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று ஒரு வருடத்துக்கு மேல் தள்ளிவிட்டேன்.

இந்தத் தீபாவளி வாரத்தில் மாட்டிக்கொண்டேன். போனஸ் பட்டியல் போடும் டேட்டாபேஸ் சர்வர் வியாழன் ராத்திரி 1:40-க்கு நின்றது. நைட் ஷிப்ட் சூப்பர்வைசர் போன் பண்ணி, நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் திரையில் கெர்னல் பேனிக் (ஓஎஸ்ஸின் மையப் பகுதியான கெர்னலே நின்றுபோன செய்தி), கடைசி இருபது முப்பது வரிதான் தெரிகிறது, மேலே இருந்ததெல்லாம் ஓடிப்போய்விட்டது. மொபைலில் படம் எடுத்துக்கொண்டு பவர் பட்டனை அமுக்கி எழுப்பினேன். வெள்ளி ராத்திரியும் அதே. ஹார்டுவேருக்கு ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) பார்க்கும் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து ராம் மாற்றிவிட்டு, "இது ஓஎஸ் பிரச்சினை சார், எங்க கணக்குல வராது" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். சனிக்கிழமை மதியம் மறுபடியும் விழுந்தது. கடைசியில் பேக்கப்பை ஒரு சாதாரண டெஸ்க்டாப்பில் ஏற்றி, அதிலிருந்து 1,400 பேருக்கான பட்டியலை அச்சடித்தோம். காசாளர் ஜன்னல் முன்னால் நாலு மணியிலிருந்து ஆட்கள் வரிசையில் நின்றார்கள், எட்டேகாலுக்குத்தான் முதல் கவர் கைக்குப் போனது. ஊருக்குப் பஸ் பிடிக்க வேண்டியவர்கள். அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

விடுமுறை முடிந்து வந்ததும் முதலாளி கூப்பிட்டுக் கேட்டது ஒரே கேள்விதான்: "ராத்திரி ரெண்டு மணிக்கு நின்னா நீ யாருக்குப்பா போன் பண்ணுவ?" என்னிடம் பதில் இல்லை. இப்போது மூன்று கோட்டேஷன் மேசையில் இருக்கிறது. எல்லாவற்றையும் ரெட் ஹேட்டுக்கு மாற்றச் சொல்லி ஒன்று, எல்லாவற்றையும் விண்டோஸ் சர்வர் 2025-க்கு மாற்றச் சொல்லி ஒன்று, ரெட் ஹேட்டோடு ஒத்துப்போகும் இலவச அல்மாலினக்ஸ் போட்டு நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று உள்ளூர் ஆள் ஒருவர் கொடுத்தது ஒன்று. விலை வித்தியாசம் பெரியது.

நான் கேட்க வருவது இதுதான். காசு கட்டி வாங்கும் சப்போர்ட் நிஜமாகவே அந்த ராத்திரி உதவியிருக்குமா? காசு கொடுத்து வாங்கும் ஓஎஸ் இலவசத்தைவிட உறுதியாக ஓடுமா? அப்புறம் ஆடிட்டர் ரிப்போர்ட்டில், தூரத்திலிருந்து சர்வருக்குள் லாகின் பண்ண உதவும் ஓபன்எஸ்எஸ்ஹெச் 7.4 பழையது, 9.8-க்கு மாற்று என்று சிவப்பில் எழுதியிருக்கிறார், அதை என்ன செய்வது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


வங்கி_யுனிக்ஸ்

நண்பரே, நான் சென்னையில் ஒரு வங்கியின் டேட்டா சென்டரில் பதினான்கு வருடமாக ரெட் ஹேட் சர்வர்களைப் பார்த்து வருகிறேன். உங்கள் முதலாளி கேட்ட கேள்வி சரியான கேள்வி. ஆனால் அவர் மனதில் இருக்கும் சப்போர்ட் வேறு, கோட்டேஷனில் இருக்கும் சப்போர்ட் வேறு.

ரெட் ஹேட்டில் பிரீமியம் எடுத்தால் மிக அவசரமான கேஸுக்கு ராத்திரி பகல் எந்நேரமும் ஒரு மணி நேரத்துக்குள் பதில் வரும். ஸ்டாண்டர்ட் எடுத்தால் அது அலுவலக நேரத்தில் மட்டும். இதை முதலில் பாருங்கள், நிறைய கோட்டேஷனில் ஸ்டாண்டர்டைப் போட்டுவிட்டு "சப்போர்ட் உண்டு" என்று சொல்லிவிடுவார்கள், உங்கள் வியாழன் ராத்திரி 1:40-க்கு அது உதவாது. இரண்டாவது, ஒரு மணி நேரத்தில் பதில் என்றால் ஒரு இன்ஜினியர் உங்கள் கேஸைக் கையில் எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம், அவ்வளவுதான். அவர் முதலில் கேட்பது சிஸ்டத்தின் முழு விவரக் கோப்பும், கெர்னல் விழுந்த நேரத்தில் மெமரியில் இருந்ததன் நகலான டம்ப்பும். உங்களிடம் இருப்பது மொபைலில் எடுத்த படம். அதை வைத்துக்கொண்டு அவரும் ராம் மாற்றிப் பாருங்கள் என்றுதான் ஆரம்பிப்பார்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. ஒரு சர்வர் பன்னிரண்டு பதினைந்து நாளுக்கு ஒருமுறை நாள்முடிவுக் கணக்கு வேலைகள் ஓடும்போது ஹேங் ஆகும், பிங் வரும், லாகின் வராது. மூன்று தடவை கேஸ் போட்டேன், மூன்று தடவையும் அதே விவரக் கோப்பைக் கேட்டு, அதே பதில் கொடுத்து, மூடிவிட்டார்கள். நாலாவது தடவை ஹேங் ஆனபோது ரீபூட் பண்ணாமல், கெர்னலை வேண்டுமென்றே விழவைத்து டம்ப் எடுத்தேன். பதினொரு ஜிபி, ஏற்றி முடிக்கவே விடிந்துவிட்டது. இரண்டு நாளில் கெர்னல் இன்ஜினியர் ஒருவர் நேரடியாக எழுதினார்: நெட்வொர்க் வழியாகக் கோப்பு பகிரும் என்எஃப்எஸ்ஸில் எந்த லாக்கை யார் பிடித்துக்கொண்டு யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு பிராசஸாகப் பிரித்து எழுதி, ஒரு சோதனைக் கெர்னலும் கொடுத்தார். அடுத்த மாத அப்டேட்டிலேயே அந்தத் திருத்தம் எல்லோருக்கும் வந்தது. அப்படி ஒரு ஆள் இலவசமாகக் கிடைக்கமாட்டார், அந்த ஒரு கேஸுக்காகவே இத்தனை வருட சந்தாவையும் கொடுக்கலாம் என்று அன்றைக்கு நினைத்தேன். ஆனால் இந்தப் பதினான்கு வருடத்தில் அந்த ஆழத்துக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு தடவைதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதனால் எந்தக் கோட்டேஷன் எடுத்தாலும் சரி, கெர்னல் விழும்போது தானாக டம்ப் எடுக்கும் கேடம்ப்பை இன்றைக்கே போட்டுவிடுங்கள். டம்ப் எழுதும் இடத்தை அதே சர்வரின் டிஸ்க்கில் வைக்காதீர்கள், நெட்வொர்க் வழியாக பேக்கப் சர்வருக்கு அனுப்புங்கள். பிரச்சினை, டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் ரெய்டு கார்டில் இருந்தால் விழுகிற நேரத்தில் டிஸ்க்கே இருக்காது, டம்ப் எங்கே எழுதும்?

ஆடிட்டர் விஷயம். ரெட் ஹேட் வகை ஓஎஸ்ஸில் பதிப்பு எண் சுலபத்தில் ஏறாது. பாதுகாப்பு ஓட்டைக்கான திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே தைத்துக் கொடுப்பார்கள், கோடு போட்டு வரும் கடைசி எண்தான் மாறும். ஸ்கேனர் முன்னால் இருக்கும் 7.4-ஐ மட்டும் பார்த்துவிட்டுச் சிவப்பு காட்டும். 2024 ஜூலையில் ரெக்ரெஷன் என்று ஒரு ஓபன்எஸ்எஸ்ஹெச் ஓட்டை வந்ததே, அது 8.5-இல் நுழைந்து 9.8-இல் அடைபட்டது. ரெட் ஹேட் 7-லும் 8-லும் இருந்த பழைய பதிப்பில் அந்த ஓட்டையே கிடையாது, புதிதான 9-க்குத்தான் அவசரமாக பேட்ச் போட்டோம். ஆடிட்டரிடம் பேக்கேஜின் மாற்றக் குறிப்பைப் பிரிண்ட் எடுத்து, எந்த ஓட்டை எந்தத் தேதியில் அடைபட்டது என்று காட்டினால் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் ஒன்று உண்டு. 2024 ஜூன் 30-க்கு அப்புறம் வந்த எந்த ஓட்டைக்கும் உங்களிடம் தைத்துக் கொடுக்க ஆள் இல்லை. அவர் சொன்ன காரணம் தப்பு, சொன்ன முடிவு சரி.


டெபியன்_நாகர்கோவில்

வங்கி அண்ணன் சொன்னதில் கேடம்ப் பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். சந்தா விஷயத்தில் எனக்கு வேறு கருத்து.

பின்னால் பெரிய கம்பெனி இருந்தால் வாக்கு நிற்கும் என்று நினைப்போம். சென்ட்ஓஎஸ் 8 எடுத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 2019 செப்டம்பரில் வெளியானபோது 2029 வரை அப்டேட் உண்டு என்றுதான் எல்லோரும் நம்பி ஏற்றினோம். 2020 டிசம்பர் 8 அன்று ரெட் ஹேட் தரப்பிலிருந்து ஒரு அறிவிப்பு, 2021 டிசம்பர் 31-ஓடு முடிகிறது என்று. ஏழு வருடத்துக்கு மேல் போச்சு. அப்போது ரெட் ஹேட்டை ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு வாங்கி ஒன்றரை வருடம்கூட முழுதாக ஆகவில்லை. நான் அந்தக் கிறிஸ்துமஸ் வாரம் முழுக்க உட்கார்ந்து நாற்பது மெஷின் கணக்கெடுத்தேன். அதன் பிறகு சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரெகரி கர்ட்சர் ராக்கி லினக்ஸ் ஆரம்பித்தார், கிளவுட்லினக்ஸ் கம்பெனி 2021 மார்ச்சில் அல்மாவை வெளியிட்டது. ஐரோப்பாவின் செர்ன், அமெரிக்காவின் ஃபெர்மிலேப் இரண்டும் சேர்ந்து 2022 டிசம்பரில் அல்மாவைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டும் அணுத்துகள் ஆய்வகங்கள், கோடிக்கணக்கான துகள் மோதல் தரவை அலசும் இடம், அவர்களுக்கு அது போதுமென்றால் நூற்பாலைக்கும் போதும்.

காசு கொடுத்தால் அப்டேட் சோதித்து வரும் என்பதும் முழு உண்மை இல்லை. 2020 ஜூலை கடைசியில் பூட்ஹோல் ஓட்டைக்கு ரெட் ஹேட் கொடுத்த, ஓஎஸ்ஸை எழுப்பும் கிரப் மென்பொருளின் அப்டேட்டைப் போட்ட பல மெஷின்கள் ரீபூட்டில் எழவே இல்லை, காசு கட்டிய ரெட் ஹேட் 7, 8 இரண்டிலும், இலவச சென்ட்ஓஎஸ்ஸிலும் ஒரே மாதிரி. ஒரே மூலம், ஒரே பிழை.

இலவசத்தில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் லைப்ரரியின் விஷயம் என் தூக்கத்தைக் கெடுத்தது. இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்த ஒரு ஆள், 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் வைத்துவிட்டார். அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ரோயண்ட், போஸ்ட்கிரெஸ் டெவலப்பர், சம்பளம் வாங்குவது மைக்ரோசாஃப்ட்டில். எஸ்எஸ்ஹெச் லாகின் அரை வினாடி தாமதமாகிறதே என்று விடாமல் நோண்டியதில் சிக்கியது. டெபியன் லினக்ஸின் நிலையான பதிப்பான ஸ்டேபிளுக்கு அது வந்து சேரவே இல்லை, சோதனைக் கிளைகளோடு நின்றது. மெதுவாக நகரும் ஓஎஸ்ஸில் இருப்பதன் பலன் இது. சம்பளத்துக்கு ஆள் வைக்க முடியாத ஒரு சின்ன லைப்ரரி மேல் உலகமே நிற்கிறது என்ற பயமும் அதே அளவுக்கு நிஜம், அதனால்தான் நான் பயன்படுத்தும் இரண்டு மென்பொருளுக்கு வருடா வருடம் நன்கொடை அனுப்புகிறேன்.

சரி, உங்களுக்கு உடனடியாகத் தேவையான ஒரு விஷயம். உங்கள் சர்வர் எந்த வருடத்து மாடல்? சென்ட்ஓஎஸ் 7 காலத்துப் பெட்டி என்றால் கவனம். ரெட் ஹேட் 8, 9 பதிப்புகளில் டிஸ்க்கை இணைக்கும் பழைய ரெய்டு, எஸ்ஏஎஸ் கார்டுகளின் டிரைவர் ஆதரவை நிறைய எடுத்துவிட்டார்கள். இன்ஸ்டால் பண்ணப் போனால் டிஸ்க்கே தெரியாது. அல்மா 9.4-இலிருந்து அவற்றில் பலவற்றைத் திரும்பச் சேர்த்திருக்கிறது. ஒரு யூஎஸ்பியில் அல்மா 9 போட்டு பூட் பண்ணி டிஸ்க் தெரிகிறதா என்று பாருங்கள், அரை மணி நேர வேலை. கோட்டேஷன் கொடுத்த யாராவது இதைப் பார்த்தார்களா?


மருத்துவமனை_ஐடி_திருச்சி

நான் விண்டோஸ் பக்கம். 300 கட்டில் மருத்துவமனை. எல்லோருடைய லாகினையும் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர், லேப் மென்பொருள், ஸ்கேன் படங்கள் வைக்கும் சர்வர் எல்லாம் விண்டோஸ்தான், லேப் மெஷின் கொடுத்தவர்கள் வேறு எதற்கும் டிரைவர் தருவதில்லை என்பதால் எங்களுக்கு இதில் தேர்வே கிடையாது.

மைக்ரோசாஃப்ட்டில் எனக்குப் பிடித்தது தேதி. எது எப்போது முடியும் என்பது பல வருடம் முன்னாலேயே தெரியும், பட்ஜெட் மீட்டிங்கில் காட்டலாம். உங்கள் 2012 ஆர்2 2023 அக்டோபர் 10-ஓடு முடிந்தது, கூடுதல் காசு கட்டினால் 2026 அக்டோபர் வரை பேட்ச் வரும், அதோடு சரி. சர்வர் 2022 என்றால் 2031 அக்டோபர் வரை. முடிந்துபோன ஓஎஸ்ஸையும் அவர்கள் முழுக்கக் கைவிடுவதில்லை. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் வந்தபோது, மூன்று வருடத்துக்கு முன்பே நிறுத்திய எக்ஸ்பிக்கு இலவசமாக பேட்ச் கொடுத்தார்கள். பழைய ஸ்கேன் மெஷின் ஒன்று எக்ஸ்பியில் ஓடிக்கொண்டிருந்த எனக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லி முடியாது.

அதற்காக மாதாந்திர பேட்ச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போட முடியாது. 2022 ஜனவரி 11 பேட்ச்சில் டொமைன் கன்ட்ரோலர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின, வெர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் ஹைப்பர்-வி எழவில்லை, திருத்தம் வர ஆறு நாள். 2024 மார்ச்சிலும் டொமைன் கன்ட்ரோலரில் மெமரி ஒழுகி விழுந்தது, அதற்கும் தனியாகத் திருத்தம் வந்தது. எங்கள் வழக்கம், பேட்ச் வந்து பத்து நாள் ஒரு சோதனை சர்வரில் ஓடும், அப்புறம்தான் மற்றவற்றுக்கு. ஓட்டை ஏற்கெனவே தாக்குதலில் இருக்கிறது என்று அறிவித்தால் மட்டும் இரண்டே நாள்.

2024 ஜூலை 19 கிரவுட்ஸ்ட்ரைக் சம்பவத்தை எல்லோரும் விண்டோஸ் கணக்கில் எழுதுகிறார்கள், அது நியாயம் இல்லை. நம் நேரப்படி காலை 9:39-க்கு கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு தரவுக் கோப்பு போனது, 10:57-க்குத் திரும்ப எடுத்துவிட்டார்கள், அதற்குள் சுமார் 85 லட்சம் கணினி விழுந்துவிட்டது. திரும்ப எழுப்ப ஒவ்வொரு மெஷினாக சேஃப் மோடில் போய் அந்தக் கோப்பை அழிக்க வேண்டும், டிஸ்க் பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். அந்தச் சாவிகளை வைத்திருந்த சர்வரும் விழுந்திருந்த இடங்களை நினைத்துப் பாருங்கள். நாங்கள் அந்த மென்பொருள் பயன்படுத்தவில்லை. ஆனால் அன்றைக்கு மதியமே எங்கள் சாவிகளையெல்லாம் அச்சடித்துக் கண்காணிப்பாளர் அறை இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

இன்னொன்று, அதே நிறுவனத்தின் லினக்ஸ் ஏஜென்ட்டும் சில வாரம் முன்னால் ரெட் ஹேட் 9.4-இல் கெர்னல் பேனிக் வரவைத்தது. கெர்னலுக்குள் கை வைக்கும் எந்த மென்பொருளையும் ஓஎஸ் அப்டேட் மாதிரியே சோதித்துப் போடுங்கள்.


மில்சர்வர்_கோவை

மூவருக்கும் ரொம்ப நன்றி. கேடம்ப் இன்று காலையே போட்டேன், பேக்கப் சர்வருக்கு அனுப்பும்படி. சர்வர் 2014 மாடல். யூஎஸ்பி சோதனை ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன், மூன்று கோட்டேஷன்காரர்களுமே அதைப் பார்க்கவில்லை.

ஒரு விஷயம் சொல்ல விட்டுவிட்டேன். விழுந்த சர்வரில் இருப்பது ஆரக்கிள் டேட்டாபேஸ் 19சி. லைசென்ஸ், சப்போர்ட் இரண்டுக்கும் வருடா வருடம் கட்டுகிறோம். தீபாவளி சமயத்தில் அங்கே கேஸ் போட்டபோது சென்ட்ஓஎஸ் என்பது ஆரக்கிள் சான்றளித்த ஓஎஸ் இல்லை என்று முதல் பதிலிலேயே வந்தது. இத்தனை வருடம் கட்டியும் இது எனக்குத் தெரியாது.


வங்கி_யுனிக்ஸ்

அப்படியென்றால் உங்கள் பிரச்சினை பாதிக்குமேல் இதிலேயே இருக்கிறது. ஆரக்கிள் டேட்டாபேஸுக்கு லினக்ஸில் சான்று இருப்பது ஆரக்கிள் லினக்ஸ், ரெட் ஹேட், சூசே இவற்றுக்குத்தான். அல்மா, டெபியன் கிடையாது. எஸ்ஏபி கம்பெனியின் ஹானா டேட்டாபேஸ் என்றால் இன்னும் இறுக்கம், சூசே அல்லது ரெட் ஹேட். டெக்னிக்கலாக அல்மாவில் அதே பைனரி ஓடும், ஓடிக்கொண்டும் இருக்கும். ஆனால் நின்றால் "சான்றளித்த ஓஎஸ்ஸில் இதே பிழையைக் காட்டுங்கள்" என்பார்கள், ராத்திரி ரெண்டு மணிக்கு அதை எங்கே போய்க் காட்டுவது?

ஆரக்கிள் லினக்ஸ் 2006-லிருந்து இருக்கிறது. பதிவிறக்கமும் அப்டேட்டும் இலவசம், சப்போர்ட்டுக்கு மட்டும்தான் காசு. டேட்டாபேஸ் சர்வருக்கு ஆரக்கிள் லினக்ஸ் 8 போடுங்கள். நீங்கள் ஏற்கெனவே கட்டும் டேட்டாபேஸ் சப்போர்ட்டுக்கு உயிர் வரும். முடிந்தால் அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் ஓஎஸ் சப்போர்ட்டும் வாங்குங்கள். பதினொன்றுக்கும் வாங்க வேண்டியதில்லை. பழைய சர்வரிலேயே மேலெழுதாமல் புதிய பெட்டியில் புதிதாக ஏற்றி, டேட்டாவை மாற்றுங்கள்.


கொழும்பு13

வணக்கம் தம்பி. நான் இலங்கையிலிருந்து எழுதுகிறேன், சோலாரிஸ், எச்பி-யூஎக்ஸ் என்ற பழைய யுனிக்ஸ் இயங்குதளங்கள் காலத்து ஆள். இரண்டு கதை சொல்லலாம் என்று வந்தேன்.

லண்டன் பங்குச் சந்தை 2007-இல் டிரேட்எலெக்ட் என்ற முறைமைக்கு மாறியது, விண்டோஸ் சர்வரும் டாட்நெட்டும். மைக்ரோசொஃப்ட் தன் விளம்பரத்திலேயே அதைக் காட்டியது. 2008 செப்டெம்பர் 8, அமெரிக்க அரசு ஃபெனி மே, ஃபிரெடி மெக் என்ற வீட்டுக்கடன் நிறுவனங்கள் இரண்டையும் கையில் எடுத்த அடுத்த நாள், சந்தை கொதித்துக்கொண்டிருந்த நேரம், கிட்டத்தட்ட ஏழு மணித்தியாலம் வியாபாரம் நின்றது. அடுத்த வருடம் அவர்கள் மாலபேயில் இருந்த எங்கள் மில்லேனியம்ஐடி கம்பனியை 3 கோடி டொலருக்கு வாங்கி, லினக்ஸில் ஓடும் அதன் முறைமைக்கு 2011 பெப்ரவரி 14 மாறினார்கள். கொழும்பில் இந்தத் துறையில் இருந்த எங்கள் எல்லோருக்கும் அன்றைக்கு எவ்வளவு பெருமை என்று எழுத்தில் சொல்ல முடியாது. ஆனபடியால் அடுத்து நடந்ததையும் நானே சொல்லவேண்டும். பதினொரு நாளில், பெப்ரவரி 25, புதிய முறைமையும் நாலு மணித்தியாலத்துக்கு மேல் நின்றது. இரண்டு நிறுத்தத்தையும் இயங்குதளத்தின் தலையில் மட்டும் போட முடியாது. மேலே ஓடும் மென்பொருளும் அதை மாற்றுகிற ஆட்களின் கையும் எல்லாம் சேர்ந்ததுதான்.

இரண்டாவது கதை எனக்கு நெருக்கமானது. சண் கம்பனியின் சோலாரிஸ் போல் உறுதியான ஒன்றை நான் அதன் பிறகு தொடவில்லை, நாங்கள் ஒரு பெட்டியை நாலு வருடம் ரீபூட் செய்யாமல் வைத்திருந்தோம். 2010 ஜனவரியில் ஆரக்கிள் சண்ணை வாங்கியது. ஓகஸ்ட்டில் ஓபன்சோலாரிஸ் நின்றது. அதற்குள் மூலநிரல் வெளியில் இருந்தபடியால் இல்லுமோஸ் என்று பிரிந்து இன்றைக்கும் வாழ்கிறது, அதன் கோப்பு முறைமையான இசட்எஃப்எஸ் ஓபன்இசட்எஃப்எஸ் ஆகி லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி எல்லாவற்றிலும் ஓடுகிறது. எச்பி-யூஎக்ஸுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதன் வழமையான சப்போர்ட்டுக்குக் கடைசி நாள் 2025 டிசம்பர் 31, அதைத் தாங்கிய இட்டானியம் சிப்பை இன்டெல் 2021-லேயே அனுப்புவதை நிறுத்திவிட்டது. இருபது வருடம் அதில் கற்றதெல்லாம் என் கையில் இருக்கிறது, ஓட்டிப்பார்க்க இடம் இல்லை. காசு கட்டுங்கள், தேவையான இடத்தில் கட்டத்தான் வேண்டும். ஆனால் கம்பனி மனம் மாறினால் அடுத்த நாள் எங்கே போவது என்பதையும் இப்போதே யோசித்து எழுதி வையுங்கள். ரெட் ஹேட் வகையில் அதற்கு அல்மா, ராக்கி என்று பக்கத்து வீடு இருக்கிறது, அது பெரிய ஆறுதல்.


மில்சர்வர்_கோவை

ஒரு மாதம் ஆகிவிட்டது. என்ன நடந்தது என்று சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது.

கேடம்ப் போட்ட ஐந்தாவது நாள், செவ்வாய் ராத்திரி, சர்வர் மறுபடியும் விழுந்தது. இந்தத் தடவை பேக்கப் சர்வரில் டம்ப் வந்து உட்கார்ந்திருந்தது. அதோடு வந்த செய்திக் கோப்பைத் திறந்தால், விழுவதற்கு நாலு நிமிடம் முன்னாலிருந்து ரெய்டு கார்டு ரீசெட், ரீசெட் என்று பக்கம் பக்கமாக. நாகர்கோவில் நண்பர் அதை இரண்டு மணி நேரம் என்னோடு உட்கார்ந்து பார்த்தார், ஒரு பைசா வாங்கவில்லை. கார்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் 2014-இல் வந்ததே இருந்தது. கார்டைக் கழற்றிப் பார்த்தபோது அதன் பேட்டரி விரலால் தொட்டாலே தெரிகிற அளவுக்கு உப்பியிருந்தது. பேட்டரியும் ஃபர்ம்வேரும் மாற்றி 19 நாள் ஆகிறது, ஒருமுறைகூட நிற்கவில்லை. ஏஎம்சி கம்பெனிக்குப் படத்தோடு கடிதம் எழுதியிருக்கிறோம்.

ஓஎஸ் முடிவு: டேட்டாபேஸுக்குப் புதிய பெட்டி வாங்கி ஆரக்கிள் லினக்ஸ் 8, அந்த ஒன்றுக்கு மட்டும் காசு கட்டிய சப்போர்ட், ராத்திரியும் பதில் வரும் வகை. மற்ற ஆறும் அல்மா 9. யூஎஸ்பி சோதனையில் ஐந்தில் டிஸ்க் தெரிந்தது, ஒன்றில் தெரியவில்லை, அதை ஓய்வு கொடுத்து வெர்ச்சுவல் மெஷினாக மாற்றுகிறேன். விண்டோஸ் மூன்றும் சர்வர் 2022, 2026 அக்டோபருக்குள்.

புதிய டேட்டாபேஸ் சர்வரை ஒப்படைக்கும் முன் போன ஞாயிறு காலை வேண்டுமென்றே கெர்னலை விழவைத்துப் பார்த்தேன். முதல் தடவை டம்ப் வரவில்லை, அதற்கான மெமரியை ஒதுக்க பூட் வரியில் எழுத விட்டுவிட்டேன். எழுதிவிட்டு மறுபடியும் விழவைத்தேன், ஆறு நிமிடத்தில் டம்ப் வந்து, மெஷினும் தானாக எழுந்தது. அதே டம்ப்பை வைத்து ஒரு சோதனைக் கேஸ் போட்டு, 40 நிமிடத்தில் ஒருவர் பேசினார். அவர் கேட்ட நாலு விவரங்களையும், கேஸ் போடும் எண்ணையும், நாகர்கோவில் நண்பரின் எண்ணையும் ஒரு தாளில் எழுதி சர்வர் ரேக் கதவிலும், இன்னொரு பிரதி முதலாளி மேசைக் கண்ணாடிக்கு அடியிலும் வைத்துவிட்டேன்.